மெமரி கார்டு: போன் காட்டும் கணக்கை நம்பாதீர்கள்

மெமரி கார்டு வாங்கும்போது பெரும்பாலோர் பார்ப்பது எத்தனை ஜிபி, என்ன விலை என்ற இரண்டைத்தான். போலிக் கார்டு வியாபாரம் பிழைப்பதே இந்தப் பழக்கத்தால்தான். கார்டின் கொள்ளளவைப் போன் தானாக அளந்து பார்ப்பதில்லை. கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு சொல்லும் எண்ணை அப்படியே திரையில் காட்டுகிறது. அந்தச் சில்லின் நிரலை மாற்றிவிட்டால் 16 ஜிபி கார்டுகூட 1 டிபி என்று பொய் சொல்லும். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் படங்கள் பதிவாவதுபோலவே தெரியும், கோப்பின் பெயரும் இருக்கும். திறந்தால்தான் உள்ளே ஒன்றுமில்லை என்பது புரியும். சிலவற்றில் புதிய பதிவு பழையதன் மேலேயே எழுதப்பட்டு இரண்டும் கெடும். 128 ஜிபி கார்டு கணினியில் 119 என்று காட்டுவதைப் பார்த்து மட்டும் பதற வேண்டாம். ஆயிரத்தால் பெருக்குவதற்கும் 1024-ஆல் பெருக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

அசல் கார்டிலும் கவனம் வேண்டும். உறையில் பெரிதாக அச்சிடப்படுவது பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோ எடுப்பவருக்குத் தேவையானது எழுதும் வேகம். யு3, வி30 குறிகள் இருந்தால் நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும். 4கே பதிவுக்குப் பெரும்பாலும் அது போதும். கிளாஸ் 10 உறுதி சொல்வது 10 எம்பிக்கு மட்டுமே. கார் கேமராவிலும் கண்காணிப்பு கேமராவிலும் அழித்து அழித்து எழுதுவதால் அதற்கென்றே வரும் நீடித்துழைக்கும் வகையை வாங்குவதுதான் சரி.

‘நானூறு ரூபாய்ப் பொருள், போனால் போகட்டும்’ என்பார்கள். போவது நானூறு ரூபாயா, கல்யாண வீடியோவா? ‘பெரிய இணையக் கடையில்தானே வாங்கினேன்’ என்பதும் முழு பதிலாகாது. அங்கே விற்பவர் பல நேரம் வேறொருவர்; அவர் பெயரைப் பார்த்து வாங்குங்கள். வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பிப் படித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் ஆகும், ஆகட்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் செய்துவிட வேண்டும்.

போலி என்று தெரிந்தால் சோதனை முடிவைப் படமெடுத்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் அவர் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. இவ்வளவுக்கும் ஆதாரம் பில்தான். பில் தராத கடையில் கார்டு வாங்காதீர்கள்.