கணினிக் காவல்

அட்ரியாட்டிக் கடற்கரையில், இன்று துப்ரோவ்னிக் என வழங்கும் இரகுசா நகரில், கி.பி. 1377 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொள்ளைநோய் பரவிய ஊர்களினின்றும் வருவோர், நகருட் புகுமுன் முப்பது நாள் புறத்தே தங்குதல் வேண்டும் என்பது அச்சட்டம். வந்தோர் அனைவரும் நோயாளர் அல்லர். எனினும் ஐயம் தீருங்காறும் தனித்திருத்தலே யாவர்க்கும் நலம் எனக் கண்டனர். கணினியைக் காக்கும் ஆன்டிவைரஸ் நிரலும் இம்முறையையே மேற்கொள்கிறது.

கணினியில் வைரஸ் என்பது உயிரன்று; கோப்புகளினுள் புகுந்து அவற்றைக் கெடுத்துப் பெருகும் தீய நிரலே அது. காவல் நிரல் ஒவ்வொரு கோப்பையும், முன்னரே அறியப்பட்ட தீய நிரல்களின் அடையாளங்களோடு ஒப்பிட்டு நோக்கும். அதன் செயலில் மாறுபாடு உண்டோ எனவும் ஆராயும். ஐயம் எழுமாயின், அக்கோப்பை இயங்கவொண்ணாதபடி உருமாற்றித் தனியிடத்தில் அடைத்து வைக்கும். அது முன்பு இருந்த இடத்தையும் குறித்துக்கொள்ளும். கெட்ட கோப்பைச் செப்பனிடத் தொடங்குமுன், அதன் படியொன்றை எடுத்து வைக்கும் நிரல்களும் உண்டு.

உடனே அழித்துவிடாமை ஏன்? ஐயம் வேறு, தெளிவு வேறு. 2010 ஏப்ரல் திங்களில், பலரும் பயன்படுத்திய காவல் நிரல் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி இயங்குவதற்கு இன்றியமையாத கோப்பையே வைரஸ் எனப் பிறழக் கொண்டது. அதனால் எண்ணற்ற கணினிகள் முடங்கின. காவலும் பிழைபடும் அன்றோ? அடைத்து வைத்ததை மீட்டல் எளிது. அழித்ததை மீட்டல் அரிது.

காவலையும் கடந்து பகை புகுதல் உண்டு. 2017 சூன் திங்களில் நாட்பெட்யா என்னும் தீய நிரல், டென்மார்க்கு நாட்டு மேர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கணினிகளைப் பாழாக்கியது. அதன் கணினி வலையமைப்பை ஆளும் முதன்மைப் பதிவேட்டின் படிகள் பல நாடுகளில் இருந்தன. அவையனைத்தும் ஒரே வலையிற் பிணைந்திருந்தமையால் ஒருங்கே அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா நாட்டிலிருந்த ஒரு கணினி மட்டும், மின்தடையால் அவ்வேளையில் வலையினின்றும் நீங்கியிருந்தது. அதிலிருந்த படியைக் கொண்டே அந்நிறுவனம் தன் வலையமைப்பை மீண்டும் நிறுவிற்று.

படிகள் பல இருந்தும் பயன்படவில்லை. பிரிந்து நின்ற ஒன்றே பயன்பட்டது. ஆதலின் அரிய கோப்புகளைத் தனி வட்டில் படியெடுத்தபின், அவ்வட்டைக் கணினியினின்றும் கழற்றி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஐயத்திற்குரியதைப் பிரித்து அடைத்தலும், அரியதைப் பிரித்து வைத்தலும் ஆகிய இரண்டுமே கணினிக்கு உற்ற காவலாகும்.