டப்பா அமினோவும் வரப்புத் துவரையும்

இயற்கை விவசாயியிடம் ‘அமினோ’ என்று சொன்னால் மூக்குக்குத்தான் முதலில் ஞாபகம் வரும். மீன் கழிவும் வெல்லமும் சம எடை போட்டு டிரம்மில் மூடிவைக்கிற மீன் அமிலம் நமக்கெல்லாம் பழக்கம். இப்போ அதே பேர்ல இன்னொண்ணு எங்க கான்சாபுரத்துக்குள்ள வந்திருக்கு. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஜிம்முக்குப் போற பையன்கள் கையில் அமினோ பவுடர் டப்பா. “பெரியப்பா, நீங்க பயிருக்கு அடிக்கிறதும் நான் குடிக்கிறதும் ஒண்ணுதானே?” என்று ஒருத்தன் கேட்டான்.

கேள்வி நியாயமானதுதான். புரதம் ஒரு சுவர் என்றால் அமினோ அமிலங்கள் அதன் செங்கல். மொத்தம் 20. பயிர், தழைச்சத்தை எடுத்து இருபதையும் தானே செய்துகொள்ளும். நம்மால் அது முடியாது. 9 வகை சாப்பாட்டில் இருந்துதான் வரணும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் லைசின் உண்டு, மெத்தியோனின் குறைவு. ரெண்டையும் சேர்த்தால் ஒண்ணோட குறையை இன்னொண்ணு அடைக்குது. பொங்கல், இட்லி, பருப்புச்சோறு எல்லாம் அந்தக் கணக்குதான்.

எவ்வளவு வேணும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது. 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம். அரிசி, சிறுதானியம் 400 கிராமில் சுமார் 30, பருப்பு 80 கிராமில் 18, ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. கணக்கு முடிஞ்சது. முட்டை, தயிரை நான் சேர்க்கவே இல்லை.

அப்போ டப்பா யாருக்கும் வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. கல்லீரல் சுருங்கிய சிலருக்கு டாக்டர்கள் குறிப்பிட்ட அமினோ அமிலங்களைக் கொடுக்கிறார்கள். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறையுள்ள குழந்தைகளுக்கு, பினைல்அலனின் நீக்கிய அமினோ கலவைதான் உயிர் காக்கும் உணவு. அங்கே அது மருந்து. மருந்தென்றால் அளவு உண்டு, ஆள் பார்த்துத்தான் தருவார்கள்.

கடையில் வாங்குவதில் சிக்கலே வேறு. புரதத்தை அளக்கிற வழக்கமான சோதனை, உண்மையில் நைட்ரஜனைத்தான் அளக்கிறது, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதிவிடுகிறார்கள். நோட்டுக்கட்டை எண்ணாமல் எடை போட்டு வரவு வைப்பது மாதிரி. நான் 30 வருஷத்துக்கு மேல் பேங்க்கில் இருந்தவன், எனக்கு இது ஒப்பாது. கிளைசின், டாரின் போன்ற மலிவான அமிலங்களைக் கலந்தாலே லேபிளில் எண் ஏறிவிடும். 2008ல் சீனாவில் பால் பவுடரில் மெலமின் கலந்ததும் இதே ஓட்டையில்தான். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் செத்தே போனார்கள்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. கேரளத்தில் ராஜகிரி மருத்துவமனை மருத்துவர்கள், இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைச் சோதித்து 2024ல் வெளியிட்டார்கள். 25ல் லேபிளும் சரக்கும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அப்லடாக்சின், சிலவற்றில் பூச்சிக்கொல்லி எச்சமும்கூட! நாம வயலில் விஷத்தை நிறுத்திவிட்டு, பிள்ளை அதை டப்பாவில் வாங்கிக் குடிப்பதா?

“ஒரே ஒரு அமிலம் என்ன செய்யும்” என்று நினைக்க வேண்டாம். 1989ல் அமெரிக்காவில் தூக்கத்துக்காக டிரிப்டோபான் மாத்திரை எடுத்தவர்களில் 1,500க்கும் மேற்பட்டோர் கடும் தசைவலியோடு ஒரு புது நோயில் விழுந்தார்கள். 37 பேர் வரை இறந்தார்கள். ஜப்பானின் ஷோவா டென்கோ கம்பெனி சரக்கோடுதான் பெரும்பாலும் தொடர்பு தெரிந்தது. ‘இதயத்துக்கு நல்லது’ என்று பேர் வாங்கிய அர்ஜினினை மாரடைப்பு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், எடுத்தவர்களில் 6 பேர் இறக்க, பாதியிலேயே நிறுத்தினார்கள். 2006ல் வந்த செய்தி அது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மனஅழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024ல், உடம்பு ஏற்றுவதற்காகப் புரதப் பவுடர் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

அந்தப் பையனிடம் ரெண்டு மாசம் வறுத்த கடலையும் சுண்டலும் சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஆடியில் வரப்பு ஓரம் துவரை ஊன்றியிருக்கேன். தை அறுவடை முடிந்ததும் விதை வேண்டுவோர் கான்சாபுரத்துக்கு வந்து வாங்கிக்கலாம்.