வீட்டுக்குள் ஒரு தொலைபேசி

பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் குடியேறிய நம்மவர் பலர், முதிர்ந்த பெற்றோரையும் தம்முடன் அழைத்து வைத்துக்கொண்டுள்ளனர். படியேற இயலாத தாயாருக்குக் கீழ்த்தளத்தில் அறை. மகனும் மருமகளும் மேல்தளத்தில். நள்ளிரவில் அம்மையாருக்கு மூச்சுத் திணறினால் அவர் யாரைக் கூப்பிடுவார்? அண்டை வீட்டாரின் மொழி அவருக்குத் தெரியாது. கைப்பேசியின் கண்ணாடித் திரையில் பெயரைத் தேட நடுங்கும் விரலுக்கு இயலாது. இத்தகைய இல்லங்களுக்கு, வீட்டளவிலான சிறு தொலைபேசி அமைப்பு இன்றும் பெரிதும் பயன்படும். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் எண்ண வேண்டுவது, யார் யாருடன் பேச வேண்டும் என்பதே. இரண்டு அறைகளுக்கு மட்டும் தேவையெனில், கம்பியால் இணைக்கப்பட்ட இரு கருவிகள் கொண்ட எளிய இன்டர்காம் போதும். ஆனால் அதன் வழியே வெளியாருடன் பேச இயலாது.

மூன்று நான்கு அறைகளும் வெளி இணைப்பும் வேண்டுமெனில், சிறிய எக்ஸ்சேஞ்சுப் பெட்டி ஏற்றது. 1882-ஆம் ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் எக்ஸ்சேஞ்சுகள் தோன்றியபொழுது மனிதர் கையால் செய்த இணைப்பு வேலையை, இன்று சுவரில் மாட்டிய இப்பெட்டி தானே செய்கிறது. கடைக்காரர் 'ஒன்றுக்கு நான்கு' என்றால், வெளி இணைப்பு ஒன்று, உள் இணைப்பு நான்கு என்பது பொருள். சாதாரணத் தொலைபேசிகளையே இதில் பொருத்தலாம். ஒவ்வொன்றுக்கும் பெட்டியிலிருந்து தனிக் கம்பி செல்ல வேண்டும். அதனை மின்சாரக் கம்பி செல்லும் குழாயில் நுழைத்தல் கூடாது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க இயலாதவர்கள், ஒரே தளக்கருவியுடன் பல கைக்கருவிகள் சேர்ந்துவரும் கம்பியில்லாத் தொலைபேசியை வாங்கலாம். வாங்குமுன், அக்கைக்கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் வசதி உடையனவா எனக் கேட்டறிதல் வேண்டும். அவற்றை நாள்தோறும் உரிய இடத்தில் வைத்து மின்னேற்றுதலும் இன்றியமையாதது.

அடுத்துக் கருத வேண்டுவது மின்தடை. பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு வேண்டிய மின்சாரம் ஊர் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. வீட்டில் விளக்கு அணைந்தாலும் தொலைபேசி பேசும். வீட்டுப் பெட்டியும், இக்காலத்துக் கண்ணாடியிழை இணைப்பின் கருவியும் அவ்வாறல்ல. வீட்டு மின்சாரம் நின்றால் அவையும் நிற்கும். எம் இல்லத்தில் முதன்முதல் பெட்டியை அமைத்தபொழுது இதனைக் கருதாது விட்டோம். மின்சாரம் நின்ற ஓர் இரவில் அன்னையார் பலமுறை ரிசீவரை எடுத்துப் பார்த்தும் மேலே மணி ஒலிக்கவில்லை. காலையில் அவர் சொன்ன பின்னரே அறிந்தோம். அன்றே இரண்டு கருவிகளையும் இன்வெர்ட்டருடன் இணைத்தோம். மின்தடையின்போது வெளி இணைப்பை ஏதேனும் ஓர் உள் தொலைபேசிக்கு நேராக மாற்றிவிடும் பெட்டிகளும் உண்டு. அவ்வசதி இருப்பின், அத்தொலைபேசி முதியவரின் படுக்கையருகே இருக்கட்டும்.

மூன்றாவது, எண் சுழற்றும் முறை. பல பெட்டிகளில் பூஜ்யத்தையோ ஒன்பதையோ முதலில் அழுத்தினாலன்றி வெளி இணைப்புக் கிட்டாது. ஆபத்துக்கு உதவும் 112 என்னும் எண்ணுக்கும் இதே முறைதானா என்பதை விற்பவரிடம் கேட்டறிந்து, முதியவர் அறிந்த எழுத்தில், பெரிதாக எழுதித் தொலைபேசியருகே ஒட்டிவைத்தல் நலம். எந்த எண்ணையும் அழுத்தாமல் ரிசீவரை எடுத்துச் சில விநாடிகள் காத்திருந்தாலே குறித்த அறையில் மணி ஒலிக்கும் வசதியும் சில பெட்டிகளில் உண்டு. இசையும் பிற அலங்காரங்களும் இல்லாவிடினும், இவ்வொரு வசதி இருக்கும் பெட்டியையே நாம் தேர்ந்தெடுப்போம்.

அமைப்பு முடிந்தவுடன் விற்பவருக்குப் பணம் கொடுத்துவிட வேண்டாம். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தாயாரைப் படுக்கையில் இருந்தபடியே ரிசீவரை எடுக்கச் சொல்லுங்கள். மேல்தளத்தில் மணி ஒலித்தால், பிறகு கொடுக்கலாம்.