ஸ்டாண்டைப் போடு மச்சி!

ஞாயிற்றுக்கிழமை காலைல சேலத்துல இருந்து ஆத்தூர் ரோட்டைப் பிடிங்க. அயோத்தியாப்பட்டணம், காரிப்பட்டி தாண்டி வாழப்பாடி பக்கம் வந்தா, ஹைவே ஓரத்து டீக்கடை முன்னாடி வரிசையா பைக். டேங்க் மேல ஹெல்மெட், கையில கிளாஸ், வாயில செயின், டயர், மைலேஜ் பேச்சு. அந்தக் கடைக்கு 'பைக்கர்ஸ் கஃபே'ன்னு போர்டு கிடையாது. சுவத்துல ஹேண்டில்பார் தொங்காது. ஆனா நடக்கிறது என்னவோ அதேதான் பாஸ்!

உலகத்துல இருக்கிற பைக் கஃபேக்களுக்கெல்லாம் ஒரு தாத்தா கடை உண்டு. அதுவும் நம்ம டீக்கடை ஜாதிதான். லாரிக்காரங்களுக்காகத் திறந்த கடை!

லண்டன் லாரிக் கடை

பேர் ஏஸ் கஃபே. லண்டனோட நார்த் சர்க்குலர் ரோட்டுல 1938-ல் தொடங்கினது. நைட் பூரா வண்டி ஓட்டுற லாரி டிரைவர்களுக்கு சூடா ஒரு டீ, வயித்துக்கு ஏதாவது... அவ்வளவுதான் திட்டம். உலகப் போர்ல குண்டு விழுந்து கட்டடம் சிதைஞ்சுது. 1949-ல் மறுபடி கட்டினாங்க.

அப்புறம்தான் ஹீரோக்கள் என்ட்ரி. போருக்கு அப்புறம் கையில சம்பளம் வந்த பசங்க, தவணையில பைக் வாங்கினாங்க. ராத்திரி முழுக்க விளக்கு எரியற கடை, உள்ளே பாட்டுப் பெட்டி, வெளியே நல்ல ரோடு. வேற என்ன வேணும்? கூட்டம் அள்ளுச்சு.

சும்மா உட்காரலை. பைக்கைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. ஹேண்டிலைத் தாழ்த்தி, ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னுக்குத் தள்ளி, சீட்டை ஒத்தை ஆளுக்குச் சுருக்கினாங்க. நார்ட்டன் ஃபிரேம்ல ட்ரையம்ஃப் இன்ஜினை உட்கார வெச்சு 'ட்ரைட்டன்'னு பேர் வெச்சாங்க. மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் பசங்க, காலரைத் தூக்கி விட்டுக்கலாம்! இந்த ஸ்டைலுக்குத்தான் 'கஃபே ரேசர்'னு பேர். 'நீ எங்கடா ரேசர்... ஒரு கடையில இருந்து இன்னொரு கடைக்குப் போற ரேசர்'னு லாரிக்காரங்க அடிச்ச கிண்டல்தான் அந்தப் பேர்னு ஒரு கதை உண்டு.

பாட்டு முடியறதுக்குள்ள...

இங்கேதான் வில்லன் என்ட்ரி. அந்தப் பசங்களுக்கு 'டன்' அடிக்கிறதுதான் கெத்து. அதாவது மணிக்கு 100 மைல். நம்ம கணக்குல 160 கி.மீ. பாட்டுப் பெட்டியில காசைப் போட்டுட்டுக் கிளம்பி, பாட்டு முடியறதுக்குள்ள ஒரு சுத்து சுத்திட்டு வந்துடணும்னு பந்தயம் கட்டுவாங்கன்னு அந்தக் காலத்துக் கதைகள் சொல்லுது. ஹெல்மெட்? இங்கிலாந்துல அது சட்டப்படி கட்டாயமானதே 1973-ல்தான். நிறைய பசங்க வீடு திரும்பலை. பத்திரிகைகள் அவங்களைத் தறுதலைங்கன்னே எழுதித் தள்ளின.

எல்லாரும் திட்டினப்போ ஒருத்தர் மட்டும் கடைக்குள்ளேயே போனார். பேர் பில் ஷெர்கோல்ட். சர்ச் பாதிரியார், ஆனா அவரும் பைக் ஓட்டுறவர். பசங்க என்ன பண்ணுவாங்களோன்னு பயந்துகிட்டேதான் போனார். சண்டை எதுவும் வரலை, மரியாதைதான் கிடைச்சுது. 1962-ல் பைக்கர்களுக்குன்னே சர்ச்சுல தனி வழிபாடு வெச்சார். அப்புறம் அவங்க '59 கிளப்'ல பைக் பசங்களுக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 'வண்டி ஓட்டாதே'ன்னு அட்வைஸ் பண்ணலை. வண்டியை நிறுத்திட்டு உட்கார ஒரு இடம் கொடுத்தார். அந்த கிளப்ல பல ஆயிரம் பேர் சேர்ந்தாங்க.

ஏஸ் கஃபே 1969-ல் மூடிடுச்சு. ஆனா மார்க் வில்ஸ்மோர்னு ஒரு முன்னாள் போலீஸ்காரர் 1994-ல் பழைய ஆளுங்களையெல்லாம் அதே இடத்துக்குக் கூப்பிட்டார். ஆயிரக்கணக்குல பைக் வந்து நின்னுச்சு. 2001-ல் கடை முழுசா திறந்துச்சு. விரட்டி வேடிக்கை பார்த்த போலீஸ்ல இருந்தே ஒருத்தர் வந்து கடையைத் திறந்தார்னா பாருங்க!

நம்ம ஊரு கனெக்‌ஷன்

அந்த லண்டன் பசங்களுக்காக ராயல் என்ஃபீல்ட் 1964-ல் விட்ட பைக், 250 சி.சி. கான்டினென்டல் ஜிடி. இங்கிலாந்துல அந்தக் கம்பெனி மூடிப்போச்சு. ஆனா 1955-லயே மெட்ராஸ்ல தொடங்கின கிளை தழைச்சு, 2018-ல் அதே பேர்ல 650 சி.சி. பைக்கை சென்னையில செஞ்சு உலகத்துக்கே அனுப்பிச்சு. 2017-ல் கோவாவுல 'கராஜ் கஃபே'ன்னு பைக் கஃபேயும் திறந்தாங்க.

நமக்கு கோவா தூரம். ஆனா வாழப்பாடிக்கு ஒரு பக்கம் இருபது கொண்டை ஊசி வளைவோட ஏற்காடு, இன்னொரு பக்கம் எழுபது வளைவோட கொல்லிமலை. நடுவுல போற ரோடு, நாமக்கல்லும் சங்ககிரியும் அனுப்பற லாரிங்களோட ரோடு. லாரி டிரைவர் எங்கே நிறுத்துறாரோ அங்கே டீ நல்லா இருக்கும். ஏஸ் கஃபே பிறந்த ஃபார்முலாவே அதுதான்.

கொஞ்சம் சீரியஸ்

பாட்டுப் பெட்டி போயிடுச்சு, ரீல்ஸ் வந்துடுச்சு. 'சேலத்துல இருந்து வாழப்பாடி எத்தனை நிமிஷம் மச்சி?'ங்கிற பந்தயம் மட்டும் மாறவே இல்லை. சேலம் - உளுந்தூர்ப்பேட்டை ரோட்டை நான்கு வழியாக்கினப்போ, வாழப்பாடி மாதிரி ஊர்களைச் சுத்திப் போற பைபாஸ்களை இரண்டு வழியாகவே விட்டுட்டாங்க. நான்கு வழி வேகத்துல வந்தவங்க, எதிர்ல வந்த வண்டி மேல நேருக்கு நேர் மோதினாங்க. இந்த ரோட்டு விபத்துச் செய்திகள்ல திரும்பத் திரும்ப வந்த காரணம் இது.

கணக்கு போடுவோமா? நீங்க நூறுல வர்றீங்க, எதிர்ல லாரி அறுபதுல வருது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு செகண்டுக்கு 44 மீட்டர் காணாமப் போகுது. வேகம் இரண்டு மடங்கானா, பிரேக் பிடிச்சு நிக்கிற தூரம் நாலு மடங்கு. ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்தான். இதுல அரியர் வெச்சா மறுபடி எழுத முடியாது பாஸ்.

அதனால நம்ம கேங்குக்குன்னு ஒரு டீக்கடை வேணும், ஷெர்கோல்ட் கொடுத்த மாதிரி. அங்கே மூணே ரூல்ஸ். ஒண்ணு, யாரு முதல்ல வந்தாங்கன்னு கேட்கக் கூடாது. எல்லாரும் வந்தாச்சான்னுதான் கேட்கணும். கடைசி ஆள் வந்ததுக்கு அப்புறம்தான் டீ ஆர்டர். இரண்டு, ஹெல்மெட் இல்லாதவன் வண்டி நகராது, பின்னாடி உட்கார்றவனுக்கும் சேர்த்து. மூணு, வழியில யாராவது விழுந்து கிடந்தா 108-க்குக் கூப்பிடணும்.

'கேஸ் ஆயிடுமோ'ன்னு தயங்காதீங்க. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்துல சேர்ந்த 134ஏ பிரிவு, உதவி பண்றவங்களுக்குப் பாதுகாப்பு தருது. 2021 டிசம்பர்ல தமிழக அரசு தொடங்கின 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம்.

டன் அடிச்சவன் பேர் அந்த ராத்திரியோட போச்சு. வண்டியை நிறுத்த இடம் கொடுத்தவர் பேரை அறுபது வருஷம் கழிச்சும் பைக்கர்ஸ் சொல்றாங்க. உங்க கேங்குல அந்தப் பேர் யாருக்கு?