ஊருக்குள் ஓடும் ஓடை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கெல்லை பாக் நீரிணையைத் தொடுகின்றது. ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர் நீளமுள்ள அக்கடற்கரையில் மீன்பிடித் தொழிலால் பெயர் பெற்ற ஊர்களுள் ஒன்று ஜெகதாப்பட்டினம். காற்று எத்திசையில் திரும்பும், கடல் எப்போது சீறும் என்பதை அவ்வூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் இத்தகைய கடலோர ஊர்களில், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வீட்டு வாயிற்படியை ஏறி வரும் வெள்ளம் பெரும்பாலும் கடலிலிருந்து வருவதன்று. கடலை நோக்கிச் செல்லப் புறப்பட்டு, வழி கிட்டாமல் இடையிலே நின்றுவிட்ட மழைநீரே அது. அந்நீருக்கு வழி அமைத்துக் கொடுப்பது எங்ஙனம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

புதுக்கோட்டை மாவட்டம் கண்மாய்கள் நிறைந்தது. சிறிதும் பெரிதுமாக அவை ஐயாயிரத்திற்கு மேற்பட்டவை. ஒரு கண்மாய் நிறைந்தால் அதன் உபரிநீர் கலுங்கு வழியே வழிந்து அடுத்த கண்மாயை அடையும். இவ்வாறு படிப்படியாக இறங்கி வரும் நீர், கடைசியில் ஆறாகவோ ஓடையாகவோ கடலைச் சேரும். ஆகவே கடலோரத்து ஓடையில் ஓடுவது அவ்வூரில் பெய்த மழை மட்டும் அன்று. மேலே பல ஊர்களில் பெய்த மழையும் அதில் கலந்திருக்கின்றது.

அந்நீரின் அளவு எவ்வளவு? ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்ததாகக் கொள்வோம். அதன் அளவு ஒரு இலட்சம் கன மீட்டர். அதாவது பத்துக் கோடி லிட்டர். மணற்பாங்கான வெற்று நிலமாயின் அதில் ஒரு பகுதியைப் பூமி உறிஞ்சிக்கொள்ளும். கூரையும், சிமெண்டுத் தரையும், தார்ச்சாலையும் பரவிய ஊராயின் பெரும்பகுதி உடனே ஓடையை நாடி ஓடும். பத்துக் கோடி லிட்டர் நீர் மூன்று மணி நேரத்தில் வடிய வேண்டுமானால், ஒவ்வொரு விநாடியும் ஒன்பது கன மீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஊர் வளர வளர ஓடையின் பொறுப்பும் வளர்கின்றது. ஆனால் நாம் செய்வதோ நேர்மாறானது. ஊர் பெருகும்போது ஓடையைக் குறுக்குகின்றோம்.

ஓர் ஓடை எவ்வளவு நீரைச் சுமக்கும் என்பதை மூன்று காரணங்கள் முடிவு செய்கின்றன. முதலாவது அதன் அகலமும் ஆழமும். இரண்டாவது அதன் சரிவு. மூன்றாவது அதன் அடியும் கரையும் எவ்வளவு கரடுமுரடாக உள்ளன என்பது. 1889-ஆம் ஆண்டில் அயர்லாந்து நாட்டுப் பொறியாளர் ராபர்ட் மேனிங் இம்மூன்றையும் இணைத்து ஒரு கணக்கு முறையை முன்வைத்தார். இன்றும் உலகெங்கும் பொறியாளர்கள் அதனைக் கையாளுகின்றனர். அக்கணக்கின்படி, செடி கொடி மண்டிய ஓடை, அதே அளவுள்ள தூய்மையான மண் ஓடை சுமக்கும் நீரில் பாதியைத்தான் சுமக்கக்கூடும். எனவே, கோரையையும் சீமைக் கருவேலையும் அகற்றுவது வெறும் அழகுக்காகச் செய்யும் வேலையன்று. ஓர் அடி நிலம்கூட வாங்காமல் ஓடையை இருமடங்காக்கும் வேலை அது.

அடுத்தபடியாக, ஆழப்படுத்துவதா, அகலப்படுத்துவதா என்ற கேள்வி எழுகின்றது. அகன்ற ஓடையொன்றின் அகலத்தை இரட்டித்தால் அது இருமடங்கு நீரைக் கொண்டு செல்லும். ஆழத்தை இரட்டித்தாலோ மும்மடங்கிற்கும் சற்று மிகுதியாகவே கொண்டு செல்லும். இதைக் கேட்டவுடன், தோண்டு பொறியை இறக்கி ஆழமாகத் தோண்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். மேட்டு நிலத்தில் அவ்வாறு செய்யலாம். கடலோரத்தில் இக்கணக்கு பொய்த்துவிடும். கடல்மட்டத்திற்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் மழைநீருக்கு முன்பே கடல்நீர் வந்து குடியேறும். அது உள்ளே ஏறினால் அருகிலுள்ள கிணறுகளும் உவர்ப்பாகிவிடும்.

கடலோரத்தில் சரிவும் நமக்குத் துணை நிற்பதில்லை. இரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஒரு மீட்டர் மட்டுமே தாழும் ஓடையை எண்ணிப் பாருங்கள். வாடைக் காற்று தள்ளுவதாலோ, கடலேற்றத்தாலோ கடல்நீர் அரை மீட்டர் உயர்ந்துவிட்டால், ஓடையின் சரிவு பாதியாகக் குறைகின்றது. நீரின் வேகம் பத்தில் ஏழு பங்காகின்றது. மும்பையில் 2005-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் நாள் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, கடலேற்றமும் உடன் சேர்ந்துகொண்டது. நகருக்குள் ஓடும் மிதி ஆறோ முன்னரே குறுக்கப்பட்டிருந்தது. விளைந்த துயரத்தை நாடே அறியும். ஆகவே, கடலோர ஊரின் ஓடைக்கு இன்றியமையாதது அகலம். அதனினும் முக்கியமானது, கடலைச் சேரும் முகத்துவாரம் மணல் மூடாமல் திறந்திருப்பது.

அகலம் என்பது ஓடை நெடுகிலும் இருக்க வேண்டும். பத்து மீட்டர் அகலமுள்ள ஓடையின் குறுக்கே இரண்டு குழாய்களைப் பதித்து ஒரு சிறுபாலம் கட்டிவிட்டால், பெருமழை நாளில் அந்த ஓடை இரண்டு குழாய் அளவுள்ளதே ஆகும். கிழிந்த வலையும் பிளாஸ்டிக் குப்பையும் அக்குழாய்களில் சிக்கிக்கொண்டால் அந்த அளவும் இல்லை.

இதற்குச் சென்னையின் தென்பகுதி தக்க சான்றாகும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஏறக்குறைய 5,000 ஹெக்டேர் பரந்திருந்தது. இன்று அதில் ஒரு சிறு பங்கே எஞ்சியுள்ளது. சுற்றிலுமுள்ள பல ஏரிகளின் உபரிநீர் அங்கே வந்து சேர்கின்றது. அது ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் கழிமுகத்தில் கடலை அடைய வேண்டும். தேங்கும் இடம் சுருங்கி, வெளியேறும் வழியும் குறுகியதாயிருக்கும்போது, வேளச்சேரி போன்ற இடங்களில் நீர் வீடுகளுக்குள் புகுவதில் வியப்பில்லை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இதுவே நிகழ்ந்தது.

நன்றாகச் செய்யப்பட்ட பணிக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், காலாங் ஆற்றின் ஒரு பகுதி 2.7 கிலோமீட்டர் நீளமுள்ள நேரான சிமெண்டுக் கால்வாயாக இருந்தது. அச்சிமெண்டை உடைத்தெடுத்து, வளைந்து செல்லும் 3.2 கிலோமீட்டர் ஆறாக அதனை மாற்றினர். 2012-ஆம் ஆண்டில் அப்பணி நிறைவுற்றது. வறண்ட நாளில் நடுவே சிறு நீரோட்டம் மட்டும் செல்லும். இருமருங்கும் புல்வெளி, மக்கள் அங்கே உலாவுகின்றனர், சிறுவர் விளையாடுகின்றனர். பெருமழை நாளில் அப்புல்வெளியும் ஆறாகிவிடும். ஏறக்குறைய இருபது மீட்டர் அகலத்தில் அடைபட்டிருந்த நீருக்கு இப்போது நூறு மீட்டர் வரை இடமுண்டு. நம் ஊர் ஓடைகளுக்கும் இம்முறை பொருந்தும். ஓடைப் புறம்போக்கு முழுவதும் எப்போதும் நீராய் இருக்க வேண்டியதில்லை. வலை காயப்போடவும், ஆடு மேய்க்கவும், பிள்ளைகள் ஆடவும் அந்நிலம் பயன்படலாம். ஆனால் அதில் சுவர் எழக் கூடாது.

இங்கே ஒரு கடினமான கேள்வியை நாம் தவிர்க்க இயலாது. ஓடைக் கரையில் ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன ஆவது? அவர்களுள் பெரும்பாலோர் வேறிடத்தில் மனை வாங்க வசதியற்றவர்கள். ஓடையைக் குறுக்கியவர்கள் என்று அவர்கள்மேல் மட்டும் பழி சுமத்துவது நீதியாகாது. சாலையும் பாலமும் பெரிய கட்டடங்களும் அதனினும் மிகுதியாகக் குறுக்கியிருக்கின்றன. சென்னையில் அடையாறு, கூவம் ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. அந்தப் பெரும்பாக்கமே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்ந்த பகுதி. பெருமழையில் அங்கும் நீர் சூழ்ந்தது. ஒரு வெள்ளத்திலிருந்து எடுத்து இன்னொரு வெள்ளத்தில் வைப்பது மறுவாழ்வு ஆகாது. கடல் தொழில் செய்யும் குடும்பத்தைக் கரையிலிருந்து வெகுதொலைவு அகற்றினால், வீட்டைக் கொடுத்துப் பிழைப்பைப் பறித்ததாகும். மாற்று மனை மேட்டிலும் இருக்க வேண்டும்; தொழிலுக்கு அண்மையிலும் இருக்க வேண்டும். அது ஆயத்தமான பின்னரே பழைய வீட்டில் கை வைக்க வேண்டும்.

இனி வேலையின் வரிசையைச் சொல்லி முடிப்போம். பணியை முகத்துவாரத்தில் தொடங்கி மேல்நோக்கிச் செல்ல வேண்டும். மேற்பகுதியை முதலில் அகலப்படுத்தினால், விரைந்து வரும் வெள்ளம் கீழ்த்தெருவில் வந்து நிற்கும். முகத்துவாரத்தை அடுத்துச் சிறுபாலங்களை ஓடையின் அகலத்திற்கு ஏற்றவாறு மாற்றிக் கட்ட வேண்டும். பின்பு புறம்போக்கின் எல்லையை அளந்து கல் நட வேண்டும். மேலேயுள்ள கண்மாய்களையும் ஊருணிகளையும் தூர்வாரினால், வெள்ளத்தின் ஒரு பகுதி அங்கே சற்றுத் தங்கி வரும். கோடையில் அது குடிநீராகவும் உதவும். இவை யாவும் முடிந்த பின்னரும், ஆண்டுதோறும் புரட்டாசி முடிவதற்குள் ஓடையைத் துப்புரவு செய்யும் கடமை ஊராருக்கும் ஊராட்சிக்கும் உண்டு.

ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடப்பதால் ஓடை யாருக்கும் வேண்டாத நிலம்போல் தோன்றுகின்றது. எஞ்சிய இரண்டு மாதத்தில் அதன் பயன் தெரியும். அந்நாட்களில் நீருக்கு நாம் இடம் கொடாவிட்டால், அது நம் வீட்டுக்குள் இடம் தேடிக்கொள்ளும்.