சாமை சோறானது எப்படி? 'அ' எழுதும் முன்பே தொடங்கும் வாசிப்பு!

திருவண்ணாமலை மாவட்டம், ஜவ்வாது மலை. ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் நாலு வயதுக் குழந்தைக்கு 'அ' எழுதத் தெரியாமல் இருக்கலாம். ஆனால், சாமை விளையும் வீட்டில் வளர்ந்தால், அது சோறாகும் கதை தெரிந்திருக்கும். கதிர் அறுக்கணும், களத்தில் அடிக்கணும், உமி போகக் குத்தணும், அப்புறம்தான் உலை.

இந்த நாலையும் நாலு படங்களாக வரைந்து, கலைத்துப் போட்டு, ''எது முதல்ல? அடுத்து என்ன?'' என்று கேளுங்கள். வாசிப்புக்கான பயிற்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, ''கதையில என்ன நடந்துச்சு?'' என்றால் விழிக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. எதற்குப் பின் எது, எதனால் எது என்று கோத்துச் சொல்லும் பழக்கம் இல்லாவிட்டால், வாக்கியங்கள் தனித்தனியாகவே நிற்கும். 8 வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் புரிந்து வாசிக்க வேண்டும் என்ற இலக்கோடு, 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. அது 1-ம் வகுப்பிலிருந்துதான். அதற்கு முந்தைய வருடங்கள் அங்கன்வாடிக்கும் வீட்டுக்கும் உரியவை.

இங்கே ஒரு சிக்கல். ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர் (பெயர்தான் மலையாளி, பேசுவது தமிழ்!). கடையில் விற்கும் பட அட்டைகளிலோ லிஃப்ட், டிராஃபிக் சிக்னல், பிறந்தநாள் கேக். அந்த அட்டையில் மலைக் குழந்தை தடுமாறினால், அதற்கு வரிசை தெரியவில்லையா, படத்தில் இருப்பதே தெரியவில்லையா? 'மந்தம்' என்று முத்திரை குத்துவதற்கு முன் இதைக் கேட்க வேண்டாமா? பழகிய வாழ்க்கையிலிருந்து படம் எடுத்தால் இந்தக் குழப்பமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடச் சொல்லிக்கொடுக்கலாம்.

உங்கள் வீட்டுக்கு செல்போன் போதும். மாவு பிசைவது, தேய்ப்பது, சப்பாத்தி சுடுவது என மூன்று போட்டோ எடுத்து பிரின்ட் போடுங்கள். மூன்று பழகியபின் நாலு, ஐந்து. இடமிருந்து வலமாக அடுக்கவிடுங்கள்; நாளை எழுத்தும் அந்தத் திசையில்தான் ஓடும். அடுக்கியதும் வாயால் கதையாகச் சொல்ல வையுங்கள், முக்கியமான வேலை அதுதான்.

மாற்றி அடுக்கினால் உடனே 'தப்பு' என்று சொல்லாதீர்கள். ''ஏன் இப்படி வெச்சே?'' என்று கேளுங்கள். சாப்பிடும் படத்தை முதலில் வைத்த குழந்தை, ''இது நேத்து சாப்பிட்டது, இன்னிக்குத் திரும்பச் செய்றாங்க'' என்று சொன்னால், அந்த வரிசையும் சரிதானே?

நன்றாகப் பழகிய பிறகு, நடுப்படத்தை மட்டும் ஒளித்துவைத்து, ''இடையில என்ன நடந்திருக்கும்?'' என்று கேட்டுப் பாருங்கள்.