தீக்காப்புக் கலைச்சொற்கள் சில

கட்டடங்களைத் தீயினின்றும் காக்கும் முறைகள் இருவகைப்படும். எச்சரிக்கை மணி ஒலித்தல், கூரையிலுள்ள குழாய்வாய் திறந்து நீர் தெளித்தல், தீயணைப்போர் விரைந்து வந்து அணைத்தல் ஆகியன தீ மூண்டபின் இயங்கத் தொடங்குவன. இவற்றைச் செயற்படு காப்பு என்பர். சுவர், தளம், கதவு, பூச்சு முதலியன கட்டடத்தின் உறுப்புக்களாகவே அமைந்து, எவரும் ஏவாமலே தீயை ஓரிடத்தில் மறித்து நிறுத்துவன. இவற்றைச் செயலறு காப்பு என்பர். 'செயலறு' என்னும் அடைமொழி முற்றும் பொருத்தமானதன்று. செயலற்றதைப் பேணவேண்டுவதில்லை என்னும் மயக்கத்தை அது விளைக்கின்றது. 'அமைப்புவழிக் காப்பு' எனின் அம்மயக்கம் குறையும். பெயர் எதுவாயினும், இத்துறைச் சொல் ஒவ்வொன்றும் எதைக் குறிக்கின்றது, எதைக் குறிக்கவில்லை என்பதைத் தெளிதல் இன்றியமையாதது.

இக்காப்பின் அடிப்படைக் கருத்துப் பழையது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் நகரிற் பரவிய பெருந்தீ ஏறத்தாழ 13,200 வீடுகளை அழித்தது. அடுத்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், புதிய வீடுகளின் புறச்சுவர்களைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுமாறு விதித்தது. இரு வீடுகட்குப் பொதுவான சுவரின் தடிப்பையும் வரையறுத்தது. ஒரு வீட்டிற் பற்றிய தீ அவ்வீட்டளவில் நிற்கவேண்டும் என்பதே அதன் கருத்து. இன்று ஒரு பெரிய கட்டடத்தையே அவ்வாறு பல கூறுகளாகப் பகுத்துக் கட்டுகின்றனர். தீ கடத்தற்கரிய சுவராலும் தளத்தாலும் நாற்புறமும் மேலுங்கீழும் சூழப்பட்ட ஒவ்வொரு கூறும் தீப்பிரிவு எனப்படும்.

தீப்பிரிவின் சுவர் எத்துணை நேரம் தாங்கும் என்பதைக் குறிப்பது தீயெதிர்ப்பு என்னும் சொல். இதனை உலையிற் சோதித்து அறிவர். உலையின் வெப்பநிலை வகுக்கப்பட்ட ஒழுங்குப்படி உயரும். அரை மணியில் ஏறத்தாழ 840 பாகை செல்சியசையும் ஒரு மணியில் 945 பாகையையும் அடையும். சோதிக்கப்படும் உறுப்பு மூன்று தேர்வுகளுக்கு ஆளாகும். தன்மேலுள்ள பாரத்தைத் தாங்கி நிற்றல் ஒன்று. வெடிப்பின் வழியாகச் சுடரையும் சூடான வாயுவையும் மறுபுறம் விடாமை மற்றொன்று. மறுபுறத்தின் வெப்பநிலை சராசரியாக 140 பாகைக்கு மேல் ஏறாமை மூன்றாவது. சுடர் புகாவிடினும் சுவரின் மறுபுறம் மிகச் சூடேறினால், அதன்மீது சாய்த்துவைத்த பொருள் தானே பற்றிக்கொள்ளும். ஆதலின் இம்மூன்றாவது தேர்வு வேண்டப்பட்டது.

இதனோடு மயங்கற்பாலதன்று தீத்துலங்கல் என்னும் மற்றொரு சொல். ஒரு பொருள் எளிதிற் பற்றுமா, அதன் மேற்பரப்பிற் சுடர் விரைந்து பரவுமா, அது எத்துணைப் புகையை உமிழும் என்பனவற்றை இது குறிக்கும். தீத்துலங்கல் பொருளுக்குரியது, தீயெதிர்ப்போ கட்டி முடித்த அமைப்புக்குரியது. இரண்டும் எவ்வளவு வேறானவை என்பதை உருக்கையும் மரத்தையும் ஒப்புநோக்கிற் காணலாம். உருக்கு எரிவதில்லை, எனினும் ஏறத்தாழ 550 பாகையில் அதன் வலிமை பாதியளவாகும். ஆகவே காப்பில்லாத உருக்குத்தூண் பெருந்தீயில் விரைவில் வளைந்துவிடும். மரம் எரிவதே, ஆயினும் தடித்த மரவுத்தரத்தின் புறத்தே தோன்றும் கரிப்படை உள்ளீட்டைக் காப்பதால், அது நெடுநேரம் பாரந்தாங்கும். உருக்குக்குக் காப்பாகச் சிப்சப்பலகையைப் போர்ப்பதுண்டு. சிப்சப்பளிங்கின் நிறையில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேற்பட்டது நீர். அந்நீர் ஆவியாகி முடியும்வரை வெப்பத்தில் ஒரு பகுதி அதிலே செலவாகின்றது.

இனி, எந்தச் சுவரும் துளையின்றி இருப்பதில்லை. நீர்க்குழாய், மின்வடம், காற்றுச்செல்வழி யாவும் அதனை ஊடுருவியே செல்லவேண்டும். இவ்வாறு செல்லுமிடம் ஊடுவழி எனப்படும். ஊடுவழியைச் சுவருக்கு ஒப்பான தீயெதிர்ப்புடன் அடைத்தலே தீயடைப்பு. வெறுந் துளையை அடைப்பது எளிது. உள்ளே செல்லும் பொருளால் வருவதே சிக்கல். பிளாத்திக்குக் குழாய் தீயில் உருகி மறைந்தால், அது இருந்த இடம் புதிய துளையாகும். இதற்காகவே குழாயைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டி பொருத்துவர். அதனுள் இருக்கும் பொங்குபொருள், சூடேறியதும் பன்மடங்கு பருத்து, நெகிழும் குழாயை நெரித்து வழியை மூடும். குளிர்ந்த நிலையில் மெல்லிய பட்டியாய்க் கிடப்பது வேண்டுங் காலத்தில் அடைப்பாக மாறுதலின், 'செயலறு' என்னும் பெயர் இதற்குச் சிறிதும் ஒவ்வாது.

தீயடைப்பின் அருமையை உலகுக்கு உணர்த்தியது, ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பிறௌன்ஸ் பெரி அணுமின் நிலையத்தில் 1975ஆம் ஆண்டு மார்ச் 22ஆந் தேதி நிகழ்ந்த தீ. கட்டுப்பாட்டறையின் கீழுள்ள மின்வட அறையிலிருந்து அணுவுலைக் கட்டடத்துக்குள் வடங்கள் ஒரு சுவரை ஊடுருவிச் சென்றன. உலைக்கட்டடத்தின் காற்றமுக்கம் வெளியினும் குறைவாக வைக்கப்பட்டிருந்தமையால், ஊடுவழிகளிற் காற்று கசியாதிருத்தல் வேண்டும். கசிவைக் கண்டறியத் தொழிலாளர் மெழுகுதிரியை ஏற்றிப் பிடித்தனர். சுடர் சாயுமிடத்திற் கசிவுண்டென்பது அவர்கள் கைக்கொண்ட எளிய முறை. கசிந்த ஓரிடத்தில் மென்மையான பொலியூரித்தேன் நுரைத்துண்டைத் திணித்து, மீண்டும் திரியை அருகிற் கொண்டுசென்றனர். கசிவு நின்றபாடில்லை. காற்று சுடரைத் துளைக்குள் இழுத்தது; நுரை பற்றிக்கொண்டது; தீ சுவரின் மறுபுறத்தில் உலைக்கட்டடத்து வடங்களுக்குத் தாவியது.

தீ முற்றும் அணைய ஏறத்தாழ ஏழு மணி நேரமாயிற்று. கரியமிலவாயுவாலும் உலர்தூளாலும் அணைக்க முயன்று இயலாமல், இறுதியில் நீரைப் பாய்ச்சியே உலைக்கட்டடத் தீயை அடக்கினர். 1,600க்கு மேற்பட்ட வடங்கள் பழுதாயின. முதலாம் உலையின் அவசரக் குளிர்விப்பு முறைகள் செயலிழந்தன. உயிர்ச்சேதம் நேரவில்லை. அச்சுவர் தீயால் விழவுமில்லை, வெடிக்கவுமில்லை என்பது ஈண்டுக் கருதற்பாலது. காற்றை அடைத்த பொருள் தீயை அடைக்கவில்லை; அதுவே விறகாயிற்று. காற்றடைப்பும் தீயடைப்பும் வெவ்வேறு என்பதைத் தொழிலறிந்தோரே மறந்திருந்தனர். இதன் விளைவாக 1980இல் அந்நாட்டு அணுவொழுங்கு ஆணையம் புதிய தீக்காப்பு விதிகளை வகுத்தது. ஒரே பணிக்குரிய இருதொகுதி வடங்களை மூன்று மணித் தீயெதிர்ப்புடைய தடையாற் பிரித்து வைத்தல் அவ்விதிகள் ஏற்கும் வழிகளுள் ஒன்று.

துளைகளைப் போன்றே, கண்ணுக்குத் தோன்றாத வெற்றிடங்களும் தீக்கு வழியாகும். புறச்சுவருக்கும் அதன்மேற் போர்த்த பலகைக்கும் இடையில் ஒடுங்கிய வெளி ஒன்றுண்டு. அது புகைபோக்கி போன்று சுடரை மேலிழுக்கும். இதனை மறிக்க இடையிடையே பொருத்துவன வெற்றிடத்தடைகள் எனப்படும். 2017ஆம் ஆண்டு யூன் 14ஆந் தேதி இலண்டனிற் கிறென்பெல் என்னும் 24 மாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டனர். நான்காம் மாடியில் ஒரு குளிரூட்டிப் பெட்டியில் எழுந்த தீ, புறப்போர்வையின் வழியே மேலேறியது. போர்வைப் பலகையின் அலுமினியத் தகடுகட்கிடையே பொலித்தீன் இருந்தது. வெற்றிடத்தடைகளும் குறைபாடுடையனவாயிருந்தன. அப்பலகையைப் 'பூச்சிய வகுப்பு'ப் பொருளாகக் கொள்ளலாம் என்று ஒரு சான்றிதழ் கூறியிருந்தது. அவ்வகுப்போ மேற்பரப்பிற் சுடர் பரவுதல் முதலிய துலங்கலைப் பற்றியதேயன்றி, உள்ளீடு எரியுமா என்பதைப் பற்றியதன்று. உயர்ந்த கட்டடத்தின் போர்வைக்கு அச்சொல்லையே தகுதியாகக் கொண்டமை எவ்வாற்றானும் பொருந்தாது என 2024இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறிற்று.

அக்கட்டடத்து மக்களுக்கு முன்பே கூறப்பட்டிருந்த அறிவுரை, தீ வேறொரு வீட்டிலாயின் தத்தம் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது. ஒவ்வொரு வீடும் ஒரு தீப்பிரிவு என்னும் நம்பிக்கையின்மேல் எழுந்த அறிவுரை அது. வீட்டுவாயிலில் உள்ள தீக்கதவும் அப்பிரிவின் சுவரைச் சேர்ந்ததே. ஆனால் சாத்தியிருக்கும் வரையிலேதான் அது சுவர். அதற்கெனக் கதவைத் தானே சாத்தும் பொறி ஒன்று பொருத்தப்படும். அன்றிரவு பல கதவுகளில் அப்பொறி பழுதுற்றிருந்தது, அல்லது இல்லாதிருந்தது. வீட்டார் வெளியேறியபின் கதவுகள் திறந்தபடியே நிற்க, புகை நடைவழியில் நிரம்பி, கட்டடத்தின் ஒரேயொரு மாடிப்படியையும் அடைந்தது.